விடை தெரியாத கேள்வியோடு வரும் பிள்ளை

தொடக்கப்பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நடுவராக வரச் சொல்லி யார் அழைத்தாலும் நான் மறுப்பதில்லை. எட்டு வயதுப் பிள்ளையோடு நின்று நிதானமாக அறிவியல் பேச வேறு எங்கே வாய்ப்புக் கிடைக்கும்? ஆனால் அரங்கைச் சுற்றி வரும்போது மனம் கனத்துப்போகிறது. ஒரு மேசையில் எரிமலை. அடுத்ததில் சூரியக் குடும்பம். அதற்கடுத்து மனித இதயம், நீர்ச் சுழற்சி, மறுபடியும் எரிமலை. தெர்மாகோலை அவ்வளவு நேர்த்தியாக வெட்டிய கை பெரியவருடையது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. நடுவில் நிறுத்தி ஏதாவது கேட்டால் திகைத்து நின்று, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்குகிறது.

அந்தப் பிள்ளையிடம் எந்தக் குறையும் இல்லை. மாதிரி செய்து கொண்டுவா, மனப்பாடம் செய்து சொல் என்று நாம்தான் கேட்டோம். கேட்டதை அது கொடுத்திருக்கிறது. என் ஆதங்கமெல்லாம் நாம் கேட்டதைப் பற்றியதுதான். இந்த வயதுப் பிள்ளை கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டியது ஒரு கேள்வி. அதற்கு விடை தொடங்கும்போது அதற்கே தெரிந்திருக்கக் கூடாது. கூடவே ஒரு நோட்டுப்புத்தகம், அதில் அது கண்டதை எல்லாம் அதுவே கிறுக்கிவைத்த பக்கங்கள். இவை இரண்டும் இருந்தால் போதும், மேசை வெறுமையாக இருந்தாலும் நான் அங்கே அரைமணி நேரம் நிற்பேன்.

எரிமலையையே எடுத்துக்கொள்வோம். சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்குகிறது. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் அந்த நுரை. உண்மையான எரிமலையில் நடப்பது வேறு: பாறைக் குழம்பில் கரைந்திருக்கும் நீராவியும் மற்ற வாயுக்களும், மேலே வர வர அழுத்தம் குறைவதால் குமிழ்களாகப் பிரிந்து குழம்பைத் தள்ளுகின்றன. அங்கே சோடாவும் இல்லை, வினிகரும் இல்லை. ஆக, மலை வடிவத்துக்கும் உள்ளே நடக்கும் வேதிவினைக்கும் தொடர்பே கிடையாது. மலையைக் கழற்றி வைத்துவிடலாம். அடியில் இருக்கும் வேதிவினை மட்டும் அருமையான ஒரு பரிசோதனைக்குப் போதும்.

ஒரே மாதிரியான சிறு பாட்டில்கள் சிலவற்றில் ஒரே அளவு வினிகரை ஊற்றிக்கொள்ள வேண்டும். பலூன்களுக்குள் சோடாவைப் போட வேண்டும்: முதல் பலூனில் அரைக் கரண்டி, அடுத்ததில் ஒரு கரண்டி, பிறகு ஒன்றரை, இரண்டு என்று. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டிக் கவிழ்த்தால் சோடா உள்ளே விழும், பலூன் உப்பும். ஒரு நூலால் பலூனின் சுற்றளவை அளந்துவிடலாம். முதல் சில பாட்டில்களில் சோடா கூடக் கூடப் பலூனும் பெரிதாகும். பிள்ளைக்கு உற்சாகம் பிடிபடாது. பிறகு ஓரிடத்தில் பலூன் வளர்வது நின்றுவிடும். மேலும் ஒரு கரண்டி போட்டாலும் அதே அளவுதான், அடியில் வெள்ளையாகச் சோடா அப்படியே கிடக்கும். “ஏன் நின்றுவிட்டது?” என்று பிள்ளை கேட்கும் அந்த நொடிக்காகத்தான் கண்காட்சியே நடத்துகிறோம் என்பேன். வினிகர் தீர்ந்துபோனது என்பதை அது தானாகவே கண்டுபிடிக்கும். 5 விழுக்காடு அமிலம் கொண்ட 100 மில்லி வினிகருக்கு ஏறத்தாழ 7 கிராம் சோடா போதும்; அதிலிருந்து அதிகபட்சம் 2 லிட்டர் வாயு வரும். இந்தக் கணக்கு உயர்நிலைப் பள்ளியில்தான் வருகிறது. ஆனால் ஒரு பொருள் தீர்ந்தால் வினை நின்றுவிடும் என்ற அறிவு பலூனை அளந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்போதே வந்துவிடுகிறது.

மனப்பாடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தவறான விளக்கமும் அதே வேகத்தில் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரால் மூடும் சோதனையைப் பார்க்காதவர்கள் குறைவு. சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். “ஆக்சிஜன் எரிந்து தீர்ந்துவிட்டது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது” என்று அட்டையில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அழகான விளக்கம், ஆனால் பிழை. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த அளவுக்கு ஈடாகப் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக டம்ளருக்குள்ளேயே திரும்பி வருகிறது. தண்ணீரை மேலே இழுப்பதில் பெரும்பங்கு வெப்பத்துக்கு: சுடரால் சூடேறி விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குகிறது; வெளியே உள்ள காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதை நம்பச் சொல்லிப் பிள்ளையிடம் ஒப்பிக்கக் கொடுத்தால் முதல் தவறையேதான் மறுபடி செய்கிறோம். உற்றுப் பார்க்கச் சொன்னால் போதும். தண்ணீர் எப்போது ஏறுகிறது? ஆக்சிஜன்தான் காரணம் என்றால் சுடர் எரியும்போதே சீராக ஏறிக்கொண்டு வர வேண்டும். கண் முன்னே நடப்பதோ வேறு. சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறுகிறது. அடுத்து, ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை வைத்து அதே டம்ளரால் மூடச் சொல்லுங்கள். ஆக்சிஜனின் அளவு மாறவில்லை, ஆனால் தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறும். அட்டையில் எழுதியிருப்பதை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டே மெழுகுவத்திகளைக் கூடுதலாக வைத்துக் கேள்விக்குள்ளாக்கிவிட முடியும். (நெருப்பு என்பதால் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.)

என் மனதை விட்டு அகலாத ஒரு மேசை உண்டு. அலங்காரம் ஏதுமில்லை. இரண்டு கண்ணாடி டம்ளர்கள், ஒரு கிண்ணத்தில் நீலச் சாயம் கலந்து உறையவைத்த பனிக்கட்டிகள், ஓரம் நைந்த ஒரு நோட்டு. நான்காம் வகுப்புச் சிறுமி. பார்வையாளர் வரிசை அவளைத் தாண்டிச் சூரியக் குடும்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் போய் நின்றதும் அவள் முகம் சுருங்கியது.

“என் சோதனை தப்பாக வந்துவிட்டது, டீச்சர்.”

“என்ன வந்தது? சொல்லம்மா.”

“உப்புத் தண்ணீரில் போட்டால் பனிக்கட்டி சீக்கிரம் கரையும் என்று எழுதியிருந்தேன். சாதாரணத் தண்ணீரில்தான் சீக்கிரம் கரைகிறது. எத்தனை தடவை செய்தாலும் அப்படித்தான்.”

நோட்டைக் காட்டினாள். முதல் பக்கத்தில் அவள் ஊகம். அடுத்த பக்கங்களில் நிமிடக் கணக்குகள். ஒரு தடவை இரண்டு டம்ளர்களையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறாள், ஜன்னல் வெயில் ஒரு டம்ளரில் மட்டும் விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்தில். யாரும் சொல்லித்தராமலே அவளுக்கு இது தோன்றியிருக்கிறது. நான் ஒன்றும் சொல்லாமல், மறுபடி ஒரு தடவை போட்டுக் காட்டும்படி மட்டும் கேட்டேன்.

இரண்டு டம்ளரிலும் நீலக்கட்டி மிதந்தது. சாதாரணத் தண்ணீரில் கட்டியின் அடியிலிருந்து மெல்லிய நீல நூல்கள் வளைந்து வளைந்து கீழே இறங்கின; கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுவதும் வெளிர் நீலமாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. கரைந்த நீலம் கட்டியைச் சுற்றி மேலேயே ஒரு அடுக்காகத் தேங்கி நின்றது, கீழே தண்ணீர் தெளிவாக இருந்தது. சிறுமி குனிந்து, மேசை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். “இங்கே நீலம் கீழே வரவே இல்லையே” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “உப்புத் தண்ணீர் கனமா?” என்று கேட்டாள்.

கனம்தான் காரணம். கட்டி கரைந்து வரும் நீர் குளிர்ந்தது. சாதாரணத் தண்ணீரைவிட அடர்த்தி அதிகமானதால் அடியில் இறங்குகிறது, அதன் இடத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வந்து கட்டியைத் தொடர்ந்து கரைக்கிறது. உப்புத் தண்ணீரின் அடர்த்தியோ இந்தக் குளிர்ந்த நன்னீரைவிட அதிகம். அதனால் கரைந்த நீர் இறங்க வழியின்றி மேலேயே தங்கி, கட்டிக்குப் போர்வையாகிவிடுகிறது. உப்பு பனியை உருக்கும் என்று அவள் படித்ததும் பொய்யில்லை. பனிக்கட்டியின் மேலேயே உப்பைத் தூவினால் உறைநிலை தாழ்ந்து அது உருகத்தான் செய்யும். அவள் கேட்டது வேறு கேள்வி, கிடைத்தது அதற்கான சரியான விடை. கடல்நீரின் அடுக்குகளையும் நீரோட்டங்களையும் பற்றிப் பேசும்போது அறிவியலாளர்கள் எடுத்துக்கொள்வதும் இதே அடர்த்திக் கணக்கைத்தான். அவ்வளவு பெரிய விஷயம் கையில் இருக்க, அந்தப் பிள்ளை “தப்பாக வந்துவிட்டது” என்று தலைகுனிந்து நின்றிருந்தாள். ஊகம் பொய்த்தால் சோதனை தோற்றது என்று அவளுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தீங்கைச் சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பில் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

இருட்டில் வைத்த அவரைச் செடியும் இப்படித்தான். வெளிச்சத்தில் ஒரு தொட்டி, அலமாரிக்குள் ஒரு தொட்டி. வெளிச்சம் இல்லாவிட்டால் செடி வளராது என்று பிள்ளை எழுதிவைத்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அலமாரிச் செடிதான் நெட்டையாக நிற்கும். வெளிறிப்போய், மெலிந்து, சாய்ந்திருந்தாலும் அளவுகோலை வைத்தால் அதுதான் உயரம். பல வகுப்புகளில் இந்த இடத்தில் பெரியவர்கள் பதறிப்போய், அந்தச் செடியை அப்புறப்படுத்திவிட்டு “சரியான” முடிவை எழுதச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் அளவுகோல் பொய் சொல்லவில்லை. மண்ணுக்குள் முளைக்கும் விதை வெளிச்சத்தை எட்டும்வரை இலையில் செலவு செய்யாமல், பச்சையம் உண்டாக்காமல், விதையில் இருக்கும் சேமிப்பை எல்லாம் தண்டை நீட்டவே பயன்படுத்தும். அலமாரியின் இருட்டும் அதற்கு மண்ணின் இருட்டும் ஒன்றுதான். உயரத்தை மட்டும் அளந்தால் போதுமா, வேறு எதை அளக்கலாம் என்று அப்போது பிள்ளையிடமே கேட்க வேண்டும். இலைகளை எண்ணலாம், தண்டின் தடிமனைப் பார்க்கலாம். இரண்டு செடிகளையும் நன்றாகக் காயவைத்து எடைபோட்டால் நெட்டைச் செடி இளைத்திருப்பது தெரியவரும்.

செடியை எடைபோடுவது என்றதும் வான் ஹெல்மான்ட் நினைவுக்கு வருகிறார். 17ஆம் நூற்றாண்டு வேதியியலாளர். 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆகியிருந்தது. மண்ணைக் காயவைத்து எடைபோட்டால் சுமார் 2 அவுன்சுதான் குறைந்திருந்தது. மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற நம்பிக்கை அந்தத் தராசில் உடைந்தது. ஆனால் மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு செய்தார். 1648இல், அவர் இறந்த பிறகு வெளியான நூலில் அது பதிவாகியிருக்கிறது. மரக்கரி எரியும்போது ஒரு தனி வாயு வெளியேறுவதை முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் அவர். பிற்காலத்தில் கார்பன் டை ஆக்சைடு என்று அறியப்பட்ட அந்த வாயுதான் மரத்தின் உடலாக மாறுகிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் நான் விரும்பிச் சொல்வேன். அவர் முடிவு பிழை. அவர் எடைபோட்ட எண்கள் இன்றும் பயன்படுகின்றன. எண்களை உள்ளபடி எழுதிவைத்தால் பின்னால் வருபவர் முடிவைத் திருத்திக்கொள்வார் என்பது எட்டு வயதிலேயே புரியும்.

சின்னப் பிள்ளைகளால் உண்மையான ஆய்வு செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு சான்றுகள் சொல்லலாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிளாக்காட்டன் தொடக்கப்பள்ளி. அங்கே 8 முதல் 10 வயதுக்குட்பட்ட 25 பிள்ளைகள், நரம்பியலாளர் போ லாட்டோவின் துணையோடு, வண்டுத்தேனீக்கள் நிறத்தையும் இட அமைப்பையும் சேர்த்து நினைவில் வைத்துப் பூக்களைத் தேர்கின்றனவா என்று சோதித்தார்கள். கேள்வியும், தேனீக்களுக்கு வைத்த புதிர்களும் அவர்களுடையவை. கட்டுரையையும் அவர்கள் சொற்களிலேயே எழுதினார்கள். படங்களைக் கலர் பென்சிலால் வரைந்தார்கள். முந்தைய ஆய்வுகளின் மேற்கோள் ஒன்றுகூட இல்லாத அந்தக் கட்டுரை 2010 டிசம்பரில் ராயல் சொசைட்டியின் ‘பயாலஜி லெட்டர்ஸ்’ இதழில் வெளியானது. இன்னொருவர் அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசா. நோயாளியைத் தொடாமலே கைகளை மேலே அசைத்து, உடலின் ஆற்றல் புலத்தை உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொன்ன சிகிச்சையாளர்களை அவள் ஒன்பது வயதில் பள்ளி அறிவியல் செயல்திட்டத்துக்காகச் சோதித்தாள். ஒரு அட்டைத் தடுப்பு, அதில் கைகள் நுழைய ஓட்டைகள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, சிகிச்சையாளரின் இடது கைக்கோ வலது கைக்கோ மேலே தன் கையை வைப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று அவர் சொல்ல வேண்டும். 21 பேர், மொத்தம் 280 முயற்சிகள். சரியாகச் சொன்னது 44 விழுக்காடு. கண்ணை மூடி ஊகித்தாலே பாதி சரியாக வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது கட்டுரையானது, அவளுக்கு அப்போது 11 வயது. இந்த இரண்டிலும் கருவிகள் மிக எளியவை. கேள்வி கூர்மையானது.

எல்லாப் பிள்ளையும் இதழில் எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வியைக் கூர்மையாக்கப் பழக்கலாம், அவ்வளவுதான். “செடிகளைப் பற்றி” என்று தொடங்கும் பிள்ளையை “எந்தச் செடி, அதில் எதை மாற்றுவாய், எதை அளப்பாய், எதையெல்லாம் மாற்றாமல் வைப்பாய்” என்று மெல்ல மெல்ல நகர்த்த வேண்டும். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிடும் தனி ஊசல் இதற்கு நல்ல களம். கனமான குண்டு வேகமாக ஆடும் என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பந்தயம் கட்டும். நூலின் நீளத்தை மாற்றாமல் குண்டை மட்டும் மாற்றிப் பார்த்தால் நேரம் மாறாது. குண்டை மாற்றாமல் நூலை மாற்றினால் மாறும். ஒரு மீட்டர் நூலில் ஒருமுறை போய்வர ஏறத்தாழ 2 விநாடி, கால் மீட்டரில் ஏறத்தாழ 1 விநாடி. பாதி நேரத்துக்குப் பாதி நூல் போதாது, கால்பங்காக வெட்ட வேண்டும் என்பது தெரிந்ததும் சில பிள்ளைகள் நம்பாமல் மறுபடி மறுபடி செய்து பார்ப்பார்கள். ஒரு ஆட்டத்தை அளந்தால் எண் தாறுமாறாக வருகிறது, பத்து ஆட்டத்தை அளந்து பத்தால் வகுத்தால் நிலைக்கிறது என்பதையும் அங்கேயே கற்றுக்கொள்வார்கள். எலுமிச்சம்பழத்தில் துத்தநாகத் தகட்டையும் செம்புத் தகட்டையும் செருகிச் செய்யும் மின்கலத்துக்கும் இதே மரியாதையைக் கொடுக்கலாம். மின்னாற்றல் கரையும் துத்தநாகத்திலிருந்து வருகிறது, பழத்தின் சாறு மின்னோட்டத்துக்கு வழிவிடுகிறது. பழத்தை மாற்றுவதைவிட உலோகத் தகட்டை மாற்றிப் பார்க்கச் சொன்னால் பிள்ளைக்கு இது பிடிபடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோணலாக ஒட்டிய அட்டை, அடித்துத் திருத்திய எண், எழுத்துப்பிழை எல்லாம் அப்படியே வரட்டும். நோட்டில் உங்கள் கையெழுத்து ஒரு வரிகூட வேண்டாம். பூஞ்சை வளர்க்கும் சோதனை என்றால் பையை இறுக மூடி, கடைசிவரை திறக்காமல் தூக்கிப்போட வைப்பதும், நெருப்பு, கத்தி பக்கத்தில் நிற்பதும் உங்கள் வேலை. ஊகத்தைத் திருத்துவது உங்கள் வேலையல்ல.

பள்ளிகளிடம் கேட்பது கொஞ்சம் பெரியது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1950இல் நடந்த முதல் தேசிய அறிவியல் கண்காட்சியில் 30 பேர் பங்கேற்றார்கள். அவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். நடுவர், மதிப்பெண், முதலிடம், இரண்டாமிடம் என்ற ஏற்பாடு அந்த வயதுக்குப் பொருந்தலாம். அதையே ஏழு வயதுப் பிள்ளைக்கும் போட்டுப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு என்று வந்துவிட்டால் வீட்டில் பெரியவர்கள் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார்கள். இந்த வயதில் நடுவர் மதிப்பெண் தாளோடு வர வேண்டாம், கேள்வியோடு வரட்டும். உனக்கு எது ஆச்சரியமாக இருந்தது? முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஒரே எண்தான் வந்ததா? வராவிட்டால் என்ன செய்தாய்? இப்போது மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? ஒப்பித்துப் பழகிய பிள்ளைகூட இந்தக் கேள்விகளுக்கு மனப்பாடத்தை விட்டு வெளியே வந்து, தன் சொல்லில் பேசத் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் எந்தப் பள்ளியாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கண்காட்சி முடிந்ததும் மாதிரிகள் குப்பைக்குப் போகட்டும், நோட்டுகளை மட்டும் நூலகத்தில் ஓர் அடுக்கில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு நான்காம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் புதுக் கேள்வி தேடட்டும். மற்றவர்கள் அந்த அடுக்கிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, அதில் இருப்பதைப் படித்து, அதே சோதனையை மறுபடி செய்து, அதே முடிவு வருகிறதா என்று பார்க்கட்டும். செய்முறை தெளிவாக எழுதப்படாத இடத்தில் அவர்கள் தடுக்கி விழுவார்கள். எழுதியவர் ஐந்தாம் வகுப்பில்தான் இருப்பார், போய்க் கேட்டுக்கொள்ளலாம். எத்தனை கரண்டி உப்பு என்று எழுத மறந்துவிட்டாயே என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கேட்டால், அடுத்த நோட்டில் அந்த அளவு தானாகவே வந்துவிடும். நீலப் பனிக்கட்டி நோட்டை எடுக்கும் பிள்ளை, தண்ணீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று கேட்கக்கூடும். அதற்கான வெற்றுப் பக்கங்கள் அந்த நோட்டிலேயே மீதமிருக்கின்றன.